நாளைப் புறப்பாடு எட்டரை மணிக்கு

நண்பர்களே, எல்லாரும் சைக்கிளில் ஏற்காடு வந்து சேர்ந்துவிட்டோம். சேலத்தில் கிளம்பும்போது ஒரு சொட்டு இல்லை, பாதி மலை ஏறியதும் பிடித்துக்கொண்டது. பனியில் முன்னால் போனவரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த மழையிலும் வளைவுக்கு வளைவு ஒருவருக்காக ஒருவர் நின்று காத்திருந்தீர்கள். அதை நினைத்தால் மனம் நிறைகிறது.

நாளை ஆறு மணிக்கு வேண்டாம், எட்டரைக்குக் கிளம்பலாம். பனி விலகட்டும். மழை வலுத்தால் இங்கேயே தங்குவோம், திருச்சி ஒரு நாள் தள்ளிப் போனால் போகட்டும்.

இறக்கத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ரிம் பிரேக் வண்டியில், அதாவது ரப்பர் கட்டை சக்கர விளிம்பை (ரிம்மை) அழுத்தி நிறுத்தும் வண்டியில், கட்டை முதலில் ஈரத்தில் வழுக்கும், தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை அங்கேயே குறைத்துவிடுங்கள். திரும்பும்போது முன் பிரேக்கை இறுக்கவே கூடாது. ரோட்டின் வெள்ளைக் கோடும் சில்வர் ஓக் சருகும் ஈரத்தில் சோப்பு மாதிரி. மேலே ஏறிவரும் பஸ்ஸுக்கு வளைவில் முழு ரோடும் வேண்டும், ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

இன்று ராத்திரியே பிரேக் கட்டையில் ஒட்டிய மணலைத் துடைத்து, செயினைக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் படக் கூடாது. ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். அப்புறம், கட்டை தேய்ந்தவர்கள் தூங்கும் முன் என் அறைக்கு வாருங்கள், இரண்டு ஜோடி புதிதாக வைத்திருக்கிறேன்.