சுகாதாரப் பேரவையில் யாருக்கு நாற்காலி?

சேலம் மாவட்ட சுகாதாரப் பேரவையை நடத்தும் அதிகாரிகளுக்கும் அதில் பங்கேற்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

மக்களைக் கேட்டுத் திட்டம் போட இப்படி ஒரு பேரவை வந்ததே நல்ல விஷயம். ஆனால் எந்த மக்களைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2015-ல் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிகரெட், பீடி பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் அறிவித்து, ஏப்ரல் 1 என்று தேதியும் குறித்துவிட்டது. அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு நிறுத்தி வைக்கச் சொன்னது. பீடித் தொழிலதிபரான ஷ்யாமா சரண் குப்தா எம்.பி.யும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்! கடைசியில் படம் பெரிதானது 2016 ஏப்ரலில்தான். பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்ற வாதம் அப்போது பலமாகக் கேட்டது, அந்தப் பெண்கள் நாள் முழுக்க இழுக்கும் புகையிலைத் தூசியைப் பற்றி அதே ஆட்கள் வாய் திறக்கவில்லை. ஏழையின் பெயர் கூட்டத்துக்குள் போகும், ஏழை வெளியேதான் நிற்பார்.

நம்மூரிலும் அதுதான். கொலுசுப் பட்டறை நடக்கும் வீடுகளுக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரே அறை, மூலையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து வளையம் வளையமாகப் பற்றவைக்கிறார், புகை வெளியே போக சரியான ஜன்னல் இல்லை, நாலடி தள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. வீட்டுப் பட்டறை என்பதால் தொழிற்சாலை ஆய்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெள்ளி விலை ஏறினால் மனு கொடுக்க வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது, இந்த இருமலுக்கு யார் மனு கொடுப்பது?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். தோட்டத் தொழிலாளிக்குக் குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி எல்லாம் முதலாளி செய்து தர வேண்டும் என்று 1951-லேயே சட்டம் போட்டார்கள். அது நடக்கிறதா என்று சொல்லக்கூடியவர் பழம் பறிக்கிற அம்மாதான். கூட்டம் வேலை நாளில் கலெக்டர் ஆபீஸில் என்றால், அன்றைய கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அவர் எப்படி வருவார்? தனியார் மருத்துவமனைக்காரரும் சங்கச் செயலாளரும் காரில் வந்துவிடுவார்கள். அவர்கள் வரட்டும், பேசட்டும், அவர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கும். அவர்கள் மட்டுமே பேசிவிட்டுப் போவதுதான் கூடாது.

அதனால் ஒரு கூட்டத்தையாவது மலை மேலே, வேலை இல்லாத நாளில் வையுங்கள். கூலி போனால் ஈடு கொடுங்கள். கிராம சுகாதார செவிலியர்களை அவர்களுடைய மேலதிகாரி எதிரில் இல்லாமல் பேச விடுங்கள். அப்புறம், யார் யார் பேசினார்கள், அவர்களுக்கு அந்த விஷயத்தில் என்ன தொழில், எந்தக் கோரிக்கையை எதற்காகத் தள்ளினீர்கள் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டுங்கள்.