சோலைக்குப் போக முடியாத மாதங்களில் வீடு தேடி வந்த புத்தகங்கள்

கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு, நம் மலைக்காட்டுக்கு, ஞாயிறு காலையில் சேர்ந்து போகும் பறவை நண்பர்களுக்கும், கொடைக்கானலில் இருந்து பார்சல் அனுப்பிய டீச்சருக்கும், கோத்தகிரி கிளை நூலகத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்த பிறகு வடகிழக்கு மழைக்காலம் முழுக்க நான் வீட்டோடுதான் இருந்தேன். நம் கோத்தகிரிப் பக்கத்துக்கு அதுதான் பெரிய மழை. வலசைப் பறவைகள் வந்து சேரும் பருவமும் அதுதான். காஷ்மீர் ஈப்பிடிப்பான் அவ்வளவு தூரம் கடந்து நம் மலைக்கு வந்து தங்கும் நேரத்தில் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. நீங்கள் ஒவ்வொருவராக வந்து, பழத்தோடு ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனீர்கள். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். தையல் கடையையும் திறந்துவிட்டேன். நேரில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணா. பறவையியலாளர் சாலிம் அலியின் தன்வரலாறு, தமிழில் வந்த பதிப்பு. “படம் பார்க்கிற புத்தகம் இப்ப வேணாம்மா, ஆளைப் படி” என்றீர்கள். 1941-இல் முதலில் வந்த அவருடைய பறவை நூலை நாம் எல்லோரும் புரட்டியிருக்கிறோம். எழுதியவரின் வாழ்க்கை எனக்குத் தெரியாது. சிறுவனாக இருந்தபோது அவர் ஏர்கன்னால் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப்போய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் மில்லார்ட் என்ற பெரியவரிடம் அந்தச் சிறுவன் போய்ச் சேர்கிறான். பாடம் செய்த பறவைகளை அவர் எடுத்துக் காட்டுகிறார். கேள்வி கேட்டு வந்த பிள்ளையை ஒரு பெரியவர் மதித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அந்த இடத்தை நான் இரண்டு தரம் படித்தேன். நீங்களும் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், அண்ணா.

அந்தப் பிரதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலை சாம்பிள் கட்டும் பழுப்புத் தாளில் அட்டை. ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்து. ஓரிடத்தில் “கோடநாடு ரோடு, மழை விட்டதும், ஒரு ஜோடி” என்று மட்டும் இருந்தது. எந்தப் பறவை என்று இல்லை. அந்தப் பக்கத்தில் வரும் பறவையாக இருக்குமோ என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். அடுத்த நடையில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா கொண்டுவந்தது மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் விடாமல் இயற்கைப் பத்தி எழுதியவர். இந்தத் தொகுப்பு அவர் தமிழில் எழுதியது. யானையை எழுதிய அதே கவனத்தோடு வீட்டைச் சுற்றி இருப்பவற்றையும் எழுதியவர் என்று சொல்லி, “ஜன்னலைத் திறந்து வச்சிட்டுப் படி” என்றீர்கள். திறந்து வைத்தேன். வேலியில் வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானை இத்தனை வருஷம் ‘அதுதானே’ என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஜோடியில் ஒன்று இரை எடுக்கும்போது மற்றது மேல்கொம்பில் காவல் இருப்பதைப் படுக்கையில் இருந்தே நாள்தோறும் பார்த்தேன். காட்டுக்குப் போகும் ஆசை உள்ள யாருக்கும் இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

கல்லூரித் தம்பிக்குத் தனியாக நன்றி. எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும் என்று தெரிந்து, சாயங்காலங்களில் வந்து ஈ.ஆர்.சி. டேவிதாரின் ‘சீத்தல் வாக்’ நூலை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். குன்னூரில் வக்கீலாக இருந்த டேவிதார், சீகூர் காட்டில் வீடு கட்டி யானைக்கும் புள்ளிமானுக்கும் நடுவே வாழ்ந்த கதை. நம் மாவட்டத்துக்காரர். வரையாடுகளைப் பற்றி முதலில் ஆய்வு செய்தவர்களில் ஒருவர். தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக வைத்திருப்பது அவர் நினைவாகத்தான். இதை வேகமாகப் படிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். கண்ணு, பரீட்சை நேரத்திலும் நீ வந்தாய், மறக்க மாட்டேன்.

கொடைக்கானல் டீச்சர் அனுப்பியது புத்தகம் இல்லை, ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ். கூடவே தமிழில் தன் கைப்பட எழுதிய நாலு பக்கம். என்னை அதிகம் கிளறிவிட்டது அதுதான். 2017-இல் ஆய்வாளர் வி.வி. ராபினும் அவருடன் சேர்ந்தவர்களும் நம் மலைச் சோலைகளில் வாழும், சிரிப்பது மாதிரிக் குரல் கொடுக்கும் சிரிப்பான்களையும், சோலைக்கிளிகளையும் (பெயர்தான் கிளி, உண்மையில் சின்னப் பாடும் பறவை) மரபணு வழியாக ஆராய்ந்து, இரண்டையும் புதுப் பேரினங்களில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு) வைத்தார்கள். நீலகிரிச் சிரிப்பான் இங்கே மட்டும்தான் உண்டு. பழனி மலையில் இருப்பது வேறு சிரிப்பான். அங்கே பறவைகள் சேகரித்த ஃபேர்பேங்க் பாதிரியார் பெயரை அது தாங்கியிருக்கிறது. சோலைக்கிளியும் அப்படியே, நம் மலைக்கும் பழனி மலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது வேறு, தெற்கே இருப்பது வேறு. உயரமான குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெக்கையான தாழ்நிலம் கடல் மாதிரி. லட்சக்கணக்கான வருஷம் பிரிந்தே இருந்து தனித்தனி இனமாகிவிட்டன. டீச்சர், நீங்கள் ஓரத்தில் “உங்க சிரிப்பும் எங்க சிரிப்பும் ஒண்ணு இல்ல” என்று எழுதியிருந்தீர்கள். உடம்பு சரியானதும் கொடைக்கானல் வந்து அந்தக் குரலைக் கேட்பதாக முடிவு செய்துவிட்டேன்.

பார்சலைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்த பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும், தவணை முடிய முடியப் புதுப்பித்துக் கொடுத்த நூலகருக்கும் நன்றி. ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதிய பறவைகள் அறிமுகக் கையேட்டை என் மகளுக்கென்று தந்த பேக்கரி அக்காவுக்கும் நன்றி. அவள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாள்.

ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை. நல்ல நூல்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். நீங்கள் கொடுத்தது அப்படி வந்ததில்லை. எந்தப் பறவையைப் பார்த்து நான் நின்றுபோவேன், எதில் சலிப்பேன், எவ்வளவு ஆங்கிலம் தாங்குவேன் என்று கூட நடந்து பார்த்தவர்கள் எடுத்துக் கொடுத்த புத்தகங்கள் அவை. அதனால்தான் ஒன்றைக்கூடப் பாதியில் மூடவில்லை. லாங்வுட் சோலை 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தபோது வர்க்கியும் டீயுமாகக் கொண்டாடினோமே, அந்த பெஞ்சில் இனி வாரா வாரம் “இப்ப என்ன படிக்கிறீங்க?” என்று ஒரு சுற்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.

என்னால் ஆன கைம்மாறாக, நடைக்குக் கொண்டுவரும் புத்தகங்களுக்கு ரெக்ஸின் உறை தைத்துக் கொடுக்கிறேன். பனியும் தூறலும் பட்டுத் தாள் உப்பிப்போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து கடைக்கு அனுப்புங்கள். துணி என்னிடம் இருக்கிறது. ‘சீத்தல் வாக்’ இப்போது என் மேஜையில் இருக்கிறது. தம்பி சம்மதித்துவிட்டான், அடுத்து வேண்டியவர்கள் பேக்கரி அக்காவிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.