கைக்குட்டை அளவு பார்க்

மயிலாப்பூர்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் பெங்களூர் கப்பன் பார்க்கில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. ஆனால், 'உங்க லஸ் பார்க் இதுக்கு முன்னாடி கைக்குட்டை' என்று எழுதியிருக்கிறாயே, அதை எப்படி விட்டுவிடுவேன்?

1870-ல் சாங்கி துரை போட்ட உங்கள் பார்க்கோடு பரப்பளவில் போட்டி போட முடியாதுதான். எங்கள் நாகேஸ்வர ராவ் பார்க் மொத்தமே சுமார் நாலு ஏக்கர். ஆனால் உனக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. நான் வாசலில் கோலத்தை முடித்த கையோடு போய், டிகாக்ஷன் இறங்குவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவேன்.

தினம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே நுழைகிறோம், அவர் யார் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அமிர்தாஞ்சன்காரர் என்றால் உடனே தெரியும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அந்தத் தைலத்தை ஆரம்பித்தார். கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே அதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். (கச்சேரிக்கும் தலைவலிக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார் போலிருக்கிறது.) ஆந்திர பத்ரிகா என்ற தெலுங்குப் பத்திரிகையும் அவருடையதுதான். 1937 நவம்பரில் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் தனி ஆந்திர மாகாணத்துக்காக உட்கார்ந்து பேசி ஸ்ரீபாக் ஒப்பந்தம் போட்டது இங்கே இருந்த அவர் வீட்டில்தான். வீட்டின் பெயரே ஒப்பந்தத்துக்கும் ஆகிவிட்டது. அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். ஆந்திர மாநிலம் பிறந்தது 1953-ல்.

அவர் இருந்திருந்தால் நம் மைக் இல்லாக் கச்சேரிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு, சுந்தரம் ஃபைனான்ஸ் ஏற்பாட்டில் சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள். காக்கையும் கத்தும், லஸ் சர்ச் ரோட்டில் பஸ் ஹாரனும் அடிக்கும். அதற்கு நடுவே அந்தக் குழந்தை சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மைக் இல்லை என்பதால் கேட்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டுதான் ஆகவேண்டும். மார்கழி சபாக்களில்கூட எனக்கு இது கிடைப்பதில்லை.

இப்போது எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒரு சண்டை. மத்தியானத்தில் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள் பெஞ்சில் கண்ணயர்கிறார்களாம், வீட்டு வேலை முடிந்த பெண்கள் மர நிழலில் டிபன் டப்பாவைத் திறக்கிறார்களாம், காதலர்கள் வேறு வருகிறார்களாம். அதனால் காலையும் மாலையும் மட்டும் திறக்கவேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு வந்தார் ஒருவர். நான் கையெழுத்துப் போடவில்லை. நமக்காவது வீட்டுக்குப் போனால் ஃபேன் இருக்கிறது. காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார இந்த ஊரில் அவர்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது, கோயிலையும் மத்தியானத்தில் சாத்திவிடுகிறார்களே என்று கேட்டேன். 'நீங்க கம்யூனிஸ்ட்டா மாமி?' என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, சுகர் எவ்வளவு என்று கேட்டார். மனு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

மற்றபடி லஸ் பக்கம் எங்கே திரும்பினாலும் தகரத் தடுப்பு. திருமயிலை மெட்ரோவுக்காகப் பாதாளம்வரை தோண்டுகிறார்கள். கபாலி கோயிலுக்கு நாம் போகும் பழைய குறுக்குவழியெல்லாம் இப்போது செல்லாது. அந்தத் தூசியிலிருந்து பார்க்குக்குள் காலை வைத்ததும் வித்தியாசம் தெரிகிறது. நடக்க முடியாத பெரியவர்கள்கூட இப்போது வந்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஜனவரியில் மயிலாப்பூர் விழாவுக்கு வாயேன். நாலு நாள் இருக்கிற மாதிரி டிக்கெட் எடு. உன் பிசியோதெரபி பயிற்சித் தாளை மறக்காமல் கொண்டு வா, எனக்கும் இடது கால் மடக்கினால் வலிக்கிறது. காபிப்பொடி வேண்டாம், லஸ்ஸில் அதற்குப் பஞ்சமில்லை. அங்கே அப்போது அவரெகாலு (நம் மொச்சைதான்) சீசன்தானே, உரித்ததாகவே ரெண்டு கிலோ வாங்கி வா.

உன்,
லலிதா