சதாபிஷேகத்துக்கு எடுக்கும் படம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வைகாசியில் சதாபிஷேகம் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. முழங்கால் வலி விட்டபாடில்லை என்றாலும், விசேஷத்துக்கு முதல் நாளே கும்பகோணம் வந்து சேர்ந்துவிடுவேன். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று அனைவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று கூடத்தில் மாட்டும் தரத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தாய். படம் எடுப்பது என் தொழிலாக இருந்தது என்ற உரிமையில், கேட்டதற்குச் சற்று அதிகமாகவே எழுதுகிறேன்.

எந்தக் கேமரா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள். எந்த இடம், எந்த நேரம் என்பதை இன்றே முடிவு செய். விசேஷ வீடுகளில் குடும்பப் படம் பெரும்பாலும் பந்தி முடிந்து, பட்டுப்புடவை கசங்கி, குழந்தைகள் அழத் தொடங்கி, ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பையைக் கையில் எடுத்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. அதுவும் சாமியானாவுக்கு அடியில். அந்தச் சிவப்பு மஞ்சள் துணியின் வழியாக இறங்கும் வெயில் எல்லோர் முகத்திலும் சாயம் பூசிவிடும். பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் தோலின் இயல்பான நிறம் திரும்புவதில்லை.

முகத்துக்கு வடக்கு வெளிச்சமே சிறந்தது என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்வார்கள். நேர்வெயில் படாத பக்கம் என்பதால் ஐரோப்பாவில் ஸ்டூடியோக்களுக்கு வடக்குப் பக்கமாகக் கண்ணாடிக் கூரை அமைத்தார்கள். நம் ஊருக்கு அந்த விதி ஆண்டு முழுவதும் பொருந்தாது. கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஆகவே திசையைப் பற்றிய சாத்திரத்தை விட்டுவிட்டு நிழலைப் பார். உன் வீடு கிழக்குப் பார்த்தது. காலையில் வாசல் முழுக்க வெயில் அடிக்கும்போது, கொல்லைப்புறம் வீட்டின் நிழலிலேயே இருக்கும். கலசங்களில் ஆவாகனம் தொடங்குவதற்கு முன், எட்டரை மணிவாக்கில், எல்லோரையும் கொல்லைப் படிகளில் மேற்கு நோக்கி நிறுத்தினால், எதிரே திறந்திருக்கும் வானத்திலிருந்து மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும். யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்காது. கொடிக்கயிற்றையும் பிளாஸ்டிக் வாளிகளையும் மட்டும் முதல் நாளே அப்புறப்படுத்தச் சொல்.

உட்காரும் வரிசையை நீ முடிவு செய். யாரை எங்கே நிறுத்தினால் யாருக்கு மனத்தாங்கல் வரும் என்பது உனக்குத்தான் தெரியும். ஆனால் ஒரே வரிசையாக மட்டும் நீட்டாதே. கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. கிட்ட நின்று எடுத்தால் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார்கள். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் மாப்பிள்ளைகள் என்பதால், இது பிறகு பேச்சாகும். அப்பாவும் அம்மாவும் நடுவில் நாற்காலியில், குழந்தைகள் முன்னால் ஜமுக்காளத்தில், மற்றவர்கள் பின்னால் படிகளில் என்று மூன்று அடுக்காக நெருக்கமாக வைத்து, எடுப்பவர் பின்னால் தள்ளி நின்று, பார்வை குறுகிய 50 அல்லது 70 மில்லிமீட்டர் லென்ஸில் எடுக்கட்டும். லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்ற சிறிய அளவுக்குக் கொண்டுபோனால் மூன்று அடுக்கும் தெளிவாக விழும். பின்னணி மங்கலாக இருப்பதுதான் அழகு என்று இப்போதைய பிள்ளைகள் துளையை எஃப் 1.8-க்கு அகலத் திறந்து எடுப்பார்கள்; தாத்தாவின் முகம் துல்லியமாகவும் பெரியப்பாவின் முகம் புகையாகவும் வரும். அதற்கு இடம் கொடுக்காதே.

கைகளைக் கவனிக்க யாரையாவது நியமித்துவிடு. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு எண்ணிம வடிவில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பழைய படங்களில் நாற்காலியில் இருப்பவரின் இரு கைகளும் முழங்கால் மேல் படிந்திருப்பதை நீயும் பார்த்திருப்பாய். அது விறைப்பாகத் தோன்றினாலும், கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்குவதைவிட மேல். அப்பாவுக்கு அந்த நிலைதான் இயல்பாக இருக்கும். அவர் கண்ணாடியில் வானம் பளபளத்தால், கழற்றச் சொல்ல வேண்டாம். காதருகில் கம்பியைச் சற்று உயர்த்தி வைத்தால் சில்லு கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு மறைந்துவிடும். எந்நேரமும் கண்ணாடி போட்டிருந்தவரை அது இல்லாமல் சுவரில் மாட்டினால், பேரப்பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது.

அத்தனை பேரில் ஒருவராவது கண் சிமிட்டுவார் என்பது உறுதி. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறந்த கணத்தில் எடுப்பது நல்ல வழி. அதையும் பத்துப் பன்னிரண்டு முறையாவது எடுக்க வேண்டும். ஜரிகையின் மினுமினுப்புக்கு ஒளியை அளந்தால் முகங்கள் கறுத்துவிடும் என்பதால் முகத்துக்கே அளக்கச் சொல். பெரியவர்களை மட்டும் கடைசியில் அழைத்து உட்கார வை. அப்பாவை அரை மணி நேரம் நாற்காலியில் காக்க வைத்தால் அந்தக் களைப்பு அப்படியே படத்தில் விழும்.

12-க்கு 18 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 2 கோடிப் படப்புள்ளிகள் தேவை. 24 மெகாபிக்சல், அதாவது 2.4 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட கேமரா தாராளமாகப் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய கோப்பை அச்சுக்குக் கொடுத்துவிடாதே, அதில் படம் சுருங்கியிருக்கும். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல். இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

முக்காலியை நான் கொண்டு வருகிறேன். படி எத்தனை அடி அகலம், கொல்லைச் சுவர் வரை எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அளந்து எழுது. எந்த லென்ஸ் எடுத்து வருவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் நமஸ்காரங்களைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்