பாப்பாவுக்கு, உன் படங்களைப் பார்த்த பிறகு

பாப்பா,

நேற்று ராத்திரி உன் படம் வந்தது. வழக்கம்போலக் கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. "அப்பா, எப்படி இருக்கீங்க" என்று தட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சரி, படம் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கே மனசு வராது. சூரியன் மறைந்த பிறகும் கிளம்பாமல் நின்றிருக்கிறாய், அதனால்தான் மேலே இருக்கிற அந்த மெல்லிய மேகத்தில் இவ்வளவு சிவப்பு கிடைத்திருக்கிறது. நிறைய பேர் வட்டம் முங்கியதும் லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கீழே இருட்டினாலும் உயரத்து மேகத்துக்கு இன்னும் கால் மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும் என்று நீ சின்னவளாக இருக்கும்போது சொன்னேன், மறக்கவில்லை நீ. அம்மாவிடம் காட்டினேன். அண்ணனுக்கும் அனுப்பினேன், அவன் பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினான், அவன்தான் தெரியுமே.

ஜூனிலிருந்து நீ அனுப்பிய எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கடற்கரையில் ஒரே இடம், ஒரே லென்ஸ், நடுவில் அந்த ஒற்றைப் பாறை. ஜூன் கடைசியில் சூரியன் பாறைக்கு வலப்பக்கம் ரொம்பத் தள்ளி இறங்குகிறது, செப்டம்பர் 22, 23 வாக்கில் நேர் மேற்கே பாறை உச்சியிலேயே உட்காருகிறது, இப்போது இடது ஓரத்துக்குப் போய்விட்டது. செப்டம்பரில் ஒரு வாரம் விட்டாலே இடம் மாறியிருக்கும், டிசம்பர் 21ஐ ஒட்டி அது நகர்வதே தெரியாது. அதனால் இந்த நாட்களில் நீ தினமும் போக வேண்டிய அவசியமே இல்லை பாப்பா, நாலு நாள் போகாவிட்டாலும் வரிசை கெடாது. மார்ச் 20 வாக்கில் அது தானாகப் பாறைக்குத் திரும்பி வரும்.

இன்னொன்றும் கவனித்தேன். செப்டம்பரில் மணல் மூடியிருந்த இடத்தில் இப்போது கல் கல்லாகத் தெரிகிறது. அலை பெரிதாக அடிக்கிற மாதங்களில் கடல் கரை மணலை வாரிக்கொண்டு போய்விடும், அமைதியான மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். படத்துக்கு நல்ல விஷயம்தான், ஆனால் அந்தக் கல்லில் பாசி இருக்கும், நீ அதன்மேல்தான் டிரைபாட் வைத்து நிற்கிறாய் என்று கோணத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் அதிகம் ஏறும். ஏறுகிற நேரமும் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், நேற்று காலுக்குக் கீழே தண்ணீர் வரவில்லை என்று இன்றைக்கு நம்பி நிற்க முடியாது. சித்தப்பா விஷயத்துக்குப் பிறகும் உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே. அந்தக் கல்லைவிட்டு இறங்கி மணலில் நில். கடலுக்கு முதுகு காட்டாதே. டார்ச் எடுத்துக்கொண்டு போ.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே, அது மாலைச் சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். டே லைட்டில் நிறுத்திவை, அப்போதுதான் ஜூன் நிறமும் டிசம்பர் நிறமும் ஒப்பிடுகிற மாதிரி இருக்கும். லென்ஸில் உப்பு படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதே, கீறிவிடும்.

படத்தோடு தேதியும் நேரமும் சேர்ந்தே வருவது உனக்குத் தெரியும்தானே. செவ்வாய், புதன், வியாழன். அங்கே சூரியன் நாலரைக்கே இறங்கிவிடுகிறது, அதற்கு முன்னாலேயே போய் நீ எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறாய். உன் ஆபீஸில் ரொம்ப நல்ல மனிதர்கள் போலிருக்கிறது. அம்மா நேரத்தையெல்லாம் பார்க்க மாட்டாள், நானும் சொல்லவில்லை.

எந்தப் படத்திலும் ஓர் ஆள் இல்லை. சூரியன் போன பிறகு ஒரு தடவை திரும்பிக் கிழக்கே பார், தொடுவானத்தில் நீலச் சாம்பலாக ஒரு பட்டை எழும்பும், அது பூமியின் நிழல், அதற்கு மேலே ரோஸ் நிறம் படரும். அந்த வெளிச்சத்தில் மனித முகம் அவ்வளவு நன்றாக விழும். கரையில் யாராவது நடந்துகொண்டிருந்தால் கேட்டுவிட்டு எடு, அப்படியே நாலு வார்த்தை பேசு. நன்றாகப் படம் எடுக்கிறாய், உண்மையாகவே என்னைவிட நன்றாக எடுக்கிறாய், ஆனால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று எனக்குப் படத்தில் தெரிவதில்லையே. அந்தக் கல்லில் நிற்காதே.

புது லென்ஸ் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்கென்று கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அக்கவுண்ட் எண்ணை மட்டும் அனுப்பு, அனுப்பிய பிறகு லென்ஸ் எங்கே என்று கேட்க மாட்டேன்.

அப்பா