பைப்படியில் நடந்ததைப் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். போன கிழமை இடைவேளையில் பைப்படியில் நடந்ததை இதற்குள் ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கத்திக்குத்து என்றுகூடக் கதை போயிருக்கிறது. கத்தி எதுவும் இல்லை. தரம் 9 மாணவன் ஒருவன், தண்ணீர் நிறைந்த இரும்புப் போத்தலால் இன்னொருவனின் புருவத்தில் அடித்துவிட்டான். மூன்று தையல். கண் தப்பியது.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடித்தவனை அறைக்குக் கூட்டிவந்ததும் மேசையில் தட்டி, "ஏன்டா அடிச்சனி?" என்று கத்தினேன். காது மடல் சிவந்து, நெஞ்சு ஏறி இறங்க, சட்டை விளிம்பை முறுக்கிக்கொண்டு நின்றான். மூன்றாம் தரம் கேட்டபோது, "தெரியா சேர்" என்றான். திமிர் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு, நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான்: வரிசையில் பின்னால் நின்றவன் தள்ளியது, தகப்பனைப் பற்றிச் சொன்ன ஒரு சொல், அதன்பிறகு "கை போயிட்டுது". அந்தத் "தெரியா" பொய் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திருகோணமலைக் கோட்டை வாசல் பக்கம் மேயும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நாய் ஒன்று குரைத்தால் யோசித்துவிட்டா ஓடுகின்றன? காது நிமிரும்போதே கால் புறப்பட்டுவிடும். நமக்குள்ளும் அந்த ஏற்பாடு இருக்கிறது. மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்து என்று அது எடுத்துக்கொண்டால் பரிவு நரம்புத் தொகுதி விழித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி அதிரீனலீனைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. இதை அடக்கி ஆளவேண்டியது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதி. அது முழுமையடைய ஏறக்குறைய 25 வயதாகும். மீசை அரும்பிவிட்டதே என்று நாம்தான் ஏமாறுகிறோம். அன்று என் மேசைத் தட்டலும் அவனுக்கு இன்னொரு நாய்க்குரைப்புத்தான்.

காயப்பட்ட பிள்ளையின் தாய் நேரே கேட்டார்: "நரம்பு, மூளை எண்டு சொல்லி அவனை விட்டுடப்போறீங்களா சேர்?" இல்லை அம்மா. அவன் தன் பெற்றோருடன் வந்து உங்கள் மகனிடம் மன்னிப்புக் கேட்பான். வைத்தியச் செலவு அவர்களுடையது. ஒரு மாதத்துக்கு இடைவேளையில் ஆசிரியர் ஒருவரின் பார்வையிலேயே இருப்பான். காரணம் தேடுவது அவனை விடுவிக்க அல்ல. அடுத்த போத்தல் ஓங்கப்படுவதற்கு முன் எங்கே கை வைக்கலாம் என்று பார்க்கத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொதித்து அடிப்பவன் ஒரு வகை. நாள் பார்த்து, ஆள் பார்த்து, சிரித்துக்கொண்டே சின்னப் பிள்ளைகளின் காசைப் பறிப்பவன் வேறு வகை. அவனுக்கு நெஞ்சு படபடப்பதே இல்லை. அவனைத் தேத்தண்ணி கொடுத்து ஆறவைக்க ஒன்றுமில்லை. அவன் ஆறித்தான் இருக்கிறான். அவனுக்குத் தேவை இடைவிடாத கண்காணிப்பும், ஒவ்வொரு தரமும் தவறாமல் வரும் தண்டனையும். இந்தக் கடிதம் முதலாமவனைப் பற்றியது. எங்கள் பாடசாலையில் அவர்கள்தான் அதிகம்.

"தகப்பனைப் போலத்தான், இரத்தத்தில ஊறினது" என்று போத்தலால் அடித்தவனைப் பற்றி ஒருவர் சொன்னார். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆய்வாளர்கள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். மூளை இரசாயனங்களைச் சிதைக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு சிலரில் மந்தமாக இருந்தது. அந்த ஆண் பிள்ளைகளில், சிறுவயதில் அடியும் வதையும் பட்டவர்களிடந்தான் வன்முறை கூடுதலாகக் காணப்பட்டது. அதே பரம்பரையலகோடு அன்பான வீட்டில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவு இது. அதனால் "அடியாத மாடு படியாது" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். பாடசாலையில் கை நீட்டுவதை கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்திருக்கிறது. வீட்டுக்குச் சுற்றறிக்கை அனுப்ப என்னால் முடியாது, இந்தக் கடிதத்தைத்தான் அனுப்பலாம்.

உங்களில் பலர் ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர்கள். தேர்த்திருவிழாவில் வெடி கொளுத்தினால் இன்றைக்கும் எனக்குத் தோள் தூக்கிப்போடுகிறது, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எப்போது ஏச்சு விழும், எப்போது கதவு உடையும் என்று காத்திருக்கும் பிள்ளையின் உடம்பும் அதே நிலையில்தான் வகுப்புக்கு வருகிறது. பின்னாலிருந்து ஒருவன் தள்ளினால் போதும்.

பிறகு, நித்திரை. அந்தப் பையன் முதல்நாள் இரவு 12 மணிவரை போனோடு இருந்திருக்கிறான், விடிய 5 மணிக்கு ரியூசனுக்கு எழும்பியிருக்கிறான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை. ஒரு நாளுக்கும் மேலாக விழித்திருந்த இளைஞர்களை 2007இல் அமெரிக்காவில் சோதித்தபோது, மனதைக் குழப்பும் படங்களுக்கு அவர்களுடைய அமிக்டலா மற்றவர்களைவிட 60 வீதத்துக்கும் கூடுதலாகத் துடித்தது. கச்சான் காற்று வீசும் வெக்கையில், ஒழுங்காகத் தூங்காமல், தாகத்தோடு ஒரு வரிசை. ரியூசன் ஆசிரியர்கள் என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை, விடியப்புற வகுப்பு ஒன்றை நிறுத்துங்கள்.

ஈயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய பற்றரியை உடைத்து, வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பக்கத்தில் பிள்ளை குந்தியிருந்து ஆறிய குண்டுகளைப் பொறுக்கியது. இரத்தத்தில் ஈயம் சேர்ந்தால் படிப்பும் குறையும், பொறுமையும் குறையும். பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருக்குவதானால் பிள்ளைகளும் அடுப்படியும் இல்லாத இடத்தில் உருக்குங்கள், அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அப்படியே, மண்டையில் குட்டுவதையும் விடுங்கள். விழுந்தோ அடிபட்டோ தலையில் பலமான காயம் ஏற்பட்டிருந்தால், வலிப்புக்கு மருந்து எடுத்தால், வகுப்பாசிரியருக்குச் சொல்லிவையுங்கள். அது வெளியே போகாது.

எங்கள் பக்கத்தில் செய்தவை: அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு வாங்கு போட்டிருக்கிறோம். சண்டைபிடித்த பிள்ளை முதல் அரை மணித்தியாலம் அங்கே இருக்கும், யாரும் விசாரிக்கமாட்டோம். மெதுவாக நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்போது இதயத் துடிப்பு இறங்குவதைப் பிள்ளை தன் மணிக்கட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு எங்கள் கடிதம் வந்தால் நீங்களும் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுங்கள். இதற்கு மேலும் உதவி வேண்டிய பிள்ளைக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் தருவேன். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு யாரும் அழைக்கலாம்.

கடைசியாக, பைப். நான்கில் இரண்டு பழுது. 20 நிமிட இடைவேளையில் முழுப் பாடசாலையும் மற்ற இரண்டில் நெரிபடுகிறது. இந்தப் பழுதைத் தவணை தொடங்கியதிலிருந்து நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தரம் 6, 7, 8க்கு மற்றவர்களைவிடப் பத்து நிமிடம் முந்தி மணி அடிக்கும். வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பைப் வேலை தெரிந்த தகப்பன்மார் இரண்டு பேர் வந்தால் நல்லது. சாமான் வாங்கி வைத்திருக்கிறேன், ஸ்பனர் மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்