வயற்களியில் வீடு: அத்திவாரம் வெட்டமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கிண்ணியா, தம்பலகாமம், மூதூர்ப் பக்கங்களில் வயற்காணியை நிரப்பிக் கட்டிய வீடுகளில், மாரி கழிந்து கோடை முற்றியதும் யன்னல் மூலையிலிருந்து கோணலாக வெடிப்பு ஓடுகிறது. மேசனையும் சீமெந்தையும் குறை சொல்லிப் பூசி விடுகிறோம். அடுத்த கோடையில் அதே இடம் பிளக்கிறது.

அடியில் கிடக்கும் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் நடுவுக்குக் கீழே ஈரம் அதிகம் மாறாது. வெளிச்சுவரடி ஐப்பசி முதல் தை வரை நனைந்து, ஆனி ஆடியில் வறண்டு போகும். மூலைகள் ஏறி இறங்க, நடு அசையாமல் நிற்கும். அந்த இழுபறியைக் கற்சுவர் தாங்காது. வெடிப்பு மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், அநேகமாக மூலை இறங்கியிருக்கிறது.

காணியை முதலில் சோதியுங்கள். நிரப்பிய மண்ணுக்குக் கீழுள்ள களியை நன்றாகக் காயவைத்து இடித்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, அளவுகோடு போட்ட 100 மில்லிலீற்றர்ச் சாடிகள் இரண்டில் 10 கிராம் வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி ஊதாது. 24 மணி நேரம் கழித்து, தண்ணீரில் உள்ள மண் மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால், வழக்கமான இரண்டடிக் கருங்கல் அத்திவாரம் அங்கே போதாது. பொறியியலாளரிடம் காட்டாமல் கிடங்கு வெட்ட வேண்டாம்.

கோடையில் நிலம் பிளக்கும் வெடிப்புக்குள் கம்பி விட்டால் எவ்வளவு இறங்குகிறதோ, அதற்கும் கீழே அத்திவாரம் போக வேண்டும். நாலைந்து அடி வரலாம். வெட்டிய களியைத் திரும்பப் போடாமல், கிறவலை 6 அங்குலப் படையாக நனைத்து இடித்து இறுக்க வேண்டும். மலிவென்று மணல் போடுவது பெரும் பிழை. மழைநீர் அதற்குள் தேங்கி நேரே களிக்குப் போகும். அத்திவாரத்துக்கு மேலே எல்லாச் சுவருக்கும் அடியில் அறாமல் ஓடும் கொங்கிறீற்று பீம் தேவை. சிறிய வீட்டுக்கு 9க்கு 12 அங்குலம், 12 மில்லிமீற்றர்க் கம்பி நாலு, அவற்றைச் சுற்றிக் கட்ட 6 அங்குலத்துக்கு ஒரு ரிங் (கம்பி வளையம்) என்பது குறைந்த அளவு. மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் 2 அடி கொண்டுபோக வேண்டும். அநேகமாக வழுவுவது இங்கேதான்.

கட்டி முடித்த வீடென்றால், சுவரைச் சுற்றி 3 அடிக்குக் கொங்கிறீற்று போட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். கூரைப் பீலித் தண்ணீரை 10 அடிக்கு அப்பால் விடுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சுவரடி வாழைக்குத் திருப்பும் பழக்கம் வேண்டாம். வளர்ந்த வேம்பைத் திடீரென வெட்டினாலும், வேர் குடித்துவந்த நீர் தங்கித் தரை ஊதும்.

வயல் நிரப்பிய காணிகளுக்கு மண் பரிசோதனை அறிக்கை பார்த்த பிறகே பிரதேச சபைகள் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்க வேண்டும். அறிக்கைக்கு ஆகும் செலவு, ஒரு மூலையைத் தோண்டித் தாங்குகொடுக்கும் செலவின் சிறு பங்குதான்.

கட்டட வேலையில் உள்ளோர் சிலர்,
திருகோணமலை